யம்ச்சாவும் ஜெயிக்கலாம்: டிராகன் பால் வீடியோ கேம்கள் போட்ட பலக் கணக்கு

பாழ்நிலத்தின் நடுவில் ஒரு குழி. குழிக்குள் ஒருக்களித்து, கால்களை மடக்கி, முகம் மண்ணில் புதைய, அசைவில்லாமல் கிடக்கிறான் யம்ச்சா. அவனைக் கொன்றவன் பேரரசனுமில்லை, மாவீரனுமில்லை. விதையை மண்ணில் ஊன்றித் தண்ணீர் விட்டால் முளைத்துவரும் சாய்பாமேன் என்கிற பச்சை நிறக் குட்டிப் பிசாசு ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு வெடித்தது, அவ்வளவுதான். டிராகன் பால் மங்காவின், அதாவது ஜப்பானியப் படக்கதையின், அந்த ஒரு கட்டம் இணையம் முழுக்கக் கேலிப்படமாக நிலைத்துவிட்டது. குழியில் கிடக்கும் அதே கோலத்தில் ஒரு பொம்மையே செய்து விற்றது பண்டாய் நிறுவனம்.

இதே யம்ச்சா, 2018-இல் வெளியான 'டிராகன் பால் ஃபைட்டர்ஸ்' விளையாட்டில் கிரகங்களை விரலசைவில் வெடிக்கவைக்கும் ஃப்ரீசாவைப் புரட்டி எடுக்கிறான். ஆடுகிறவர் கெட்டிக்காரராக இருந்தால் போதும். பார்த்துக்கொண்டிருக்கும் ரசிகர்களில் ஒருவர்கூட "இது எப்படி நடக்கும்?" என்று கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்விதான் அது. டிராகன் பால் கதையின் சுவையே ஏற்றத்தாழ்வில் இருக்கிறது. நேற்று வரை யாராலும் வெல்ல முடியாதவனாக இருந்தவனை இன்று வந்தவன் ஒரே அடியில் சாய்ப்பான். இன்று வந்தவனுக்கும் நாளை வருகிறவனுக்கும் நடுவில் ஏணி வைத்தாலும் எட்டாது. வாசகன் வாராவாரம் காத்துக்கிடந்தது அந்த இடைவெளியைப் பார்த்து வாய் பிளப்பதற்காக. சண்டை விளையாட்டின் தர்மம் இதற்கு நேரெதிரானது. ஒரே தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் யார் எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் வெல்ல வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் ஒருவர் எழுந்து போய்விடுவார். கதைக்கு உண்மையாக இருந்தால் விளையாட்டு கெடும், விளையாட்டுக்கு நியாயமாக இருந்தால் கதை பொய்யாகும். 1986 முதல் வந்திருக்கும் டிராகன் பால் கேம்களை ஒரே சரடில் கோக்க வேண்டுமானால் எனக்குக் கிடைக்கும் சரடு இந்தச் சங்கடம்தான். ஒவ்வொரு தலைமுறையும் இதற்கு வேறொரு விடை சொல்லியிருக்கிறது. சில விடைகள் அபாரமானவை. சில வெறும் மழுப்பல்.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: அகிரா தொரியாமா 1984-இன் இறுதியில் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் டிராகன் பாலைத் தொடங்கினார். வால் முளைத்த கோகு என்ற சிறுவன், ஒன்றுசேர்த்தால் வரம் தரும் டிராகனை வரவழைக்கும் ஏழு மாயப் பந்துகள், அவற்றைத் தேடிப் போகும் வழியில் சண்டைகள். 1995 வரை 519 அத்தியாயங்கள், 42 தொகுதிகள். டோஎய் அனிமேஷனின் தொலைக்காட்சித் தொடர் 1986 பிப்ரவரியில் தொடங்கியது. கோகு வளர்ந்து குடும்பஸ்தனான பிறகு நடக்கும் விண்வெளிச் சண்டைகள் 'டிராகன் பால் இசட்' என்ற பெயரில் 1989 முதல் 1996 வரை 291 பகுதிகளாக ஓடின. உலகம் அறிந்தது பெரும்பாலும் இந்த இசட் பகுதியைத்தான். கேம்கள் திரும்பத் திரும்ப மொய்ப்பதும் அதையே.

தொடருக்கும் வீடியோ கேமுக்கும் உள்ள உறவு ஒப்பந்தத் தாளில் தொடங்கியதன்று. 1986 மே மாதம் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கேம் கருவிக்கு வெளியான 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டின் பாத்திரங்களையும் அசுரர்களையும் வரைந்தவர் இதே தொரியாமா. அதை உருவாக்கிய யூஜி ஹொரி, ஜம்ப் இதழில் கேம்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர். இருவரையும் சேர்த்துவைத்தவர் தொரியாமாவின் பதிப்பாசிரியர் கசுஹிகோ தொரிஷிமா. ஆக, ஒரு கையால் கோகுவையும் மறு கையால், அடிக்க அடிக்க அனுபவப் புள்ளி தரும் ஸ்லைம்களையும் வரைந்துகொண்டிருந்த மனிதர் அவர். 1988-இல் மங்காவுக்குள் ஸ்கவுட்டர் என்ற கருவி நுழைகிறது. காதில் மாட்டிக்கொண்டு எதிராளியைப் பார்த்தால் அவன் பலம் எண்ணாகத் தெரியும். துப்பாக்கியோடு எதிரில் நிற்கும் விவசாயிக்கு 5. பூமிக்கு வந்த வெஜிட்டாவுக்கு 18,000. ஃப்ரீசா தன் வாயாலேயே அறிவிக்கும் எண் 5,30,000. கோகுவின் பலம் எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது என்று வெஜிட்டா ஸ்கவுட்டரைக் கையில் நசுக்கும் காட்சி, ஆங்கில மொழிமாற்றத்தில் "ஒன்பதாயிரம்" ஆகி, அந்தப் பிழையோடேயே இணையத்தில் அமரத்துவம் அடைந்தது. டிராகன் குவெஸ்ட் வரைந்த கைக்கு இந்த எண்கள் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. அது ஊகமாகவே இருக்கட்டும்.

தொரியாமா அந்த எண்களை வைத்துக்கொண்டது அவற்றைக் கேலி செய்வதற்காக என்றுதான் சொல்ல வேண்டும். பூமிக்காரர்கள் தங்கள் பலத்தை மறைக்கத் தெரிந்தவர்கள். ஸ்கவுட்டரை நம்பியவன் ஒவ்வொருவனும் அடிவாங்கினான். ஃப்ரீசா கதை முடிந்த பிறகு, பலத்தின் வாடையே வெளியில் வராத செயற்கை மனிதர்களை எதிரிகளாக்கி, எண்களை ஏறக்கட்டிவிட்டார். அவர் வீசியெறிந்ததைக் கேம்கள் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டன. எண் இல்லாமல் கேம் ஏது?

ஃபேமிகாமுக்கு வந்த முதல் டிராகன் பால் விளையாட்டு 1986 நவம்பரில் பண்டாய் வெளியிட்ட 'ஷென்ரோன் நோ நாசோ'. டிராகனின் புதிர் என்று பொருள். மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் கோகு ஓடுவான். சும்மா நின்றாலும் உயிர் கரைந்துகொண்டே இருக்கும். தின்பண்டம் கிடைத்தால் கொஞ்சம் ஏறும். சிறப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1988-இல் இது அமெரிக்காவுக்குப் போன கதை சுவாரசியமானது. அங்கே டிராகன் பாலை யாருக்கும் தெரியாது. எனவே 'டிராகன் பவர்' என்று பெயர் மாறியது. மாயப் பந்துகள் பளிங்குப் பந்துகளாயின. கமேஹமேஹா என்ற புகழ்பெற்ற ஆற்றல் கதிர் வெறும் 'காற்றலை' ஆகியது. கோகுவின் முகம் குரங்குச் சாயலில் திருத்தி வரையப்பட்டது. பெண்களின் உள்ளாடைக்கு அலையும், கோகுவின் குருவான ஆமைச் சாமியார் அமெரிக்கக் குழந்தைகளின் கண்ணில் படக்கூடாது என்பதால், அவர் கேட்டு வாங்கும் பொருள் சாண்ட்விச் ஆகிவிட்டது. கிழவர் அவ்வளவு பரவசத்தோடு ஒரு சாண்ட்விச்சை வாங்கிக்கொள்வது ஏன் என்று அந்தக் குழந்தைகள் நிச்சயம் குழம்பியிருப்பார்கள்.

பலக் கணக்குக்கு முதல் உருப்படியான விடை 1988-இல் தொடங்கிய சீட்டு விளையாட்டு வரிசையில் வந்தது. கையில் சில சீட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் தனித்தனியே நட்சத்திரங்கள். எதை எப்போது போடுகிறோம் என்பதைப் பொறுத்து அடி விழும். சீட்டைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருக்க முடியாது. அதே 1988-இல் பண்டாய், கடைவாசல் எந்திரத்தில் இருபது யென் போட்டால் ஓர் அட்டை விழும் 'கார்டாஸ்' வியாபாரத்தைத் தொடங்கியிருந்தது. டிராகன் பால் அட்டைகள் அதில் சக்கைப்போடு போட்டன. ஜப்பானியச் சிறுவர்களின் சட்டைப்பையில் கோகு ஏற்கெனவே ஓர் அட்டையாக இருந்தான். 1990-இல் வந்த 'கியோஷூ! சாய்யாஜின்' இந்த முறையை இசட் கதைக்குக் கொண்டுவந்தது. சின்ன எதிரிகளை அடித்து அடித்துப் பலத்தை ஏற்றிக்கொள்ள வேண்டும். பொறுமையிருந்தால் யம்ச்சாவையும் ஏற்றலாம். ஏற்றிவிட்டால் சாய்பாமேன்கள் அவனிடம் நிற்க முடியாது. பலவீனனுக்குப் பயிற்சி கொடு என்பதுதான் அந்த விடை. கதையின் உள்ளுணர்வுக்கும் அது பொருந்தியது, ஏனென்றால் மங்காவிலும் எல்லோரும் ஓயாமல் செய்வது பயிற்சிதான். வார இதழில் பாதித் தொகுதிகளை அடைத்துக்கொண்ட அந்தச் சலிப்பூட்டும் உழைப்பைச் சிறுவன் தன் கட்டைவிரலால் செய்தான்.

1991-இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வந்து உலகத்தையே சண்டைக் களமாக்கிய பிறகு சீட்டுக்கு மவுசு குறைந்தது. 1993 மார்ச்சில் சூப்பர் ஃபேமிகாமுக்கு வெளிவந்தது 'சூப்பர் பூதோதென்'. இதை உருவாக்கிய டோசே, கியோட்டோவில் இருக்கும் விசித்திரமான நிறுவனம்: பல பெரிய நிறுவனங்களுக்குக் கேம் செய்து கொடுத்துவிட்டுத் தன் பெயரைப் பெரும்பாலும் போட்டுக்கொள்ளாது. பெயரில்லாத அந்தக் கைகள் ஒரு நல்ல சிக்கலை அழகாக அவிழ்த்தன. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் இருவரும் ஒரே திரைக்குள் முட்டிக்கொள்வார்கள். டிராகன் பாலில் ஒருவன் மலையுச்சியில் நிற்பான், மற்றவன் மேகத்துக்கு மேல் மிதப்பான். இருவரும் விலகினால் திரை நடுவில் பிளந்து இரண்டாகும். ஒரு பொத்தானை அழுத்தினால் தரையிலிருந்து வானத்துக்குத் தாவலாம். தூரத்திலிருந்து ஒருவர் கதிரை ஏவ, மற்றவர் அதைத் தடுப்பதா, எதிர்க்கதிரால் மோதுவதா என்று நொடியில் முடிவெடுக்க வேண்டும். அந்தப் பிளவுத் திரையைப் போல இந்தத் தொடரின் பிரம்மாண்டத்தைக் குறைந்த செலவில் காட்டிய உத்தி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பலக் கணக்கை அது எப்படிச் சமாளித்தது? பலவீனர்களை உள்ளேயே விடவில்லை. கோகு, வெஜிட்டா, பிக்கோலோ, ட்ரங்க்ஸ், செல், ஃப்ரீசா என்று கனமான ஆட்கள் மட்டும். கிரில்லின் இல்லை, யம்ச்சா இல்லை. மழுப்பல்தான்; ஆனாலும் வேலை செய்தது.

இந்தக் கேம்கள் ஜப்பானுக்கு வெளியே முதலில் வேர்விட்ட இடம் அமெரிக்கா அன்று, பிரான்ஸ். 'கிளப் டொரோத்தே' நிகழ்ச்சியில் 1988 முதலே டிராகன் பால் ஓடியதால் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குக் கோகு வீட்டுப்பிள்ளை. எனவே சூப்பர் பூதோதெனும் அதன் அடுத்த பாகங்களும் பிரெஞ்சில் கிடைத்தன. அட்லாண்டிக்கின் மறுகரையில் நிலைமை தலைகீழ். 1997-இல் 'ஃபைனல் பவுட்' என்ற பிளேஸ்டேஷன் கேம் அமெரிக்காவில் சொற்ப எண்ணிக்கையில் வெளியானது, வாங்க ஆளில்லை. அடுத்த ஆண்டே கார்ட்டூன் நெட்வொர்க்கின் டூனாமி நேரத்தில் இசட் தொடர் பற்றிக்கொண்டது. அப்புறம் அந்த கேமைத் தேடினால் கிடைக்கவில்லை. பழைய பிரதிகளின் விலை எங்கோ போயிற்று. 2004-இல் மறுபடி அச்சடித்தார்கள். இத்தனைக்கும் அது மோசமான விளையாட்டு. பாத்திரங்கள் தண்ணீருக்கடியில் சண்டை போடுவதுபோல அசைவார்கள்.

ஜப்பானில் இசட்டை அடுத்து வந்த தொலைக்காட்சித் தொடரும் 1997-இல் ஓய்ந்ததும் கேம்களும் ஓய்ந்திருந்தன. அவற்றுக்கு மறுவுயிர் கொடுத்தது அமெரிக்கச் சிறுவர்களின் காசு. 2002-இல் கைக்கடக்கமான கேம் பாய் அட்வான்ஸுக்கு அமெரிக்கர்களே செய்த 'லெகசி ஆஃப் கோகு' வந்தது. முதல் பாகம் மட்டம்; இரண்டாம் பாகம் எதிர்பாராத அளவுக்கு நல்லது. அதில் சில கதவுகளின் மேல் ஓர் எண் எழுதியிருக்கும். அந்த நிலைக்கு உயராதவன் உள்ளே போக முடியாது. ஸ்கவுட்டர் கதவாக மாறி நின்றது! அதே ஆண்டு நவம்பரில் பிளேஸ்டேஷன் 2-க்கு 'புதோகாய்' வந்தபோது முதலில் ஐரோப்பாவிலும் பிறகு அமெரிக்காவிலும்தான் விற்பனைக்கு வைத்தார்கள். ஜப்பானுக்கு 2003 பிப்ரவரியில்தான் போயிற்று. சந்தை எங்கே நகர்ந்துவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

புதோகாயைச் செய்த டிம்ப்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய தகாஷி நிஷியாமா, முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரை உருவாக்கியவர். சண்டை விளையாட்டின் இலக்கணம் அந்தக் கூடாரத்தில் கரதலப்பாடம். அவர்கள் கொண்டுவந்தது கேப்சூல் முறை. சூப்பர் சாய்யன் என்ற உயர்வடிவத்துக்கு மாறுவது, கமேஹமேஹா, உடல் உறுதி என்று ஒவ்வொரு திறமையும் ஒரு குப்பி. ஒரு பாத்திரத்துக்கு ஏழு இடம். எதை அடைப்பது என்பது ஆடுகிறவர் பாடு. பலம் என்பது பிறவிச் சொத்தாக இல்லாமல் மூட்டை கட்டும் சாமர்த்தியமாக ஆனது. யம்ச்சாவும் திரும்பி வந்தான். இந்த வரிசையின் மூன்றாம் பாகம் (2004) இன்றைக்கும் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

அடுத்த ஆண்டு ஸ்பைக் நிறுவனம் இலக்கணத்தையே தூக்கி ஓரமாக வைத்தது. ஜப்பானில் 'ஸ்பார்க்கிங்!', வெளிநாடுகளில் 'புதோகாய் தென்காய்ச்சி' என்று பெயர் கொண்ட இந்த வரிசையில் கேமரா ஆடுகிறவரின் பாத்திரத்துக்குப் பின்னால், தோளுக்கு மேல் நின்றது. பரந்த வெளி, இடிந்து விழும் மலைகள், நகரங்கள். 2007-இல் வந்த மூன்றாம் பாகத்தில் உருமாற்றங்களையும் சேர்த்து எண்ணினால் 161 பாத்திரங்கள். ராட்சதக் குரங்காக மாறிய வெஜிட்டாவைச் சாதாரணக் குத்து அசைக்காது; பறக்கத் தெரியாத மிஸ்டர் சாத்தான், கடவுளருக்கு நிகரானவர்களோடு மோத வேண்டியிருக்கும். சமநிலையா, அது யாருக்கு வேண்டும் என்று இதை உருவாக்கியவர்கள் கேட்டது போலிருந்தது. கதையில் எப்படியோ அப்படியே. யானையை எடுத்தால் யானை, எறும்பை எடுத்தால் எறும்பு. ஆனாலும் ஓர் ஓரத்தில் ஒரு சின்ன ஏற்பாட்டையும் வைத்தார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பலத்துக்கேற்ப ஒரு விலை. குழுவின் மொத்த விலை இத்தனைக்குள் அடங்க வேண்டும். பெரிய ஆள் ஒருவனை எடுத்தால் கூட வருகிறவன் மலிவானவனாகத்தான் இருக்க முடியும். நான் பார்த்தவரையில் இந்தச் சங்கடத்துக்குக் கிடைத்த மிக நேர்மையான விடை இது. ஏற்றத்தாழ்வை மறைக்கவில்லை, அதற்கு விலைச்சீட்டு ஒட்டிவிட்டது.

மூன்றாம் பாகத்தின் மேல் ரசிகர்கள் வைத்த பற்றுக்கு அளவே இல்லை. நான்காம் பாகம் வருமென்று காத்திருந்தார்கள், வரவில்லை. லத்தீன் அமெரிக்க நாடுகளில் இந்தத் தொடர் ஏறத்தாழ மதம்போன்றது. அங்குள்ள ரசிகர்கள் பழைய கேமையே பிரித்து, புதுப் பாத்திரங்களையும் தங்கள் ஊர் ஸ்பானியக் குரல்களையும் சேர்த்து ஆண்டுக்கணக்கில் தாங்களாகவே வளர்த்தெடுத்தார்கள். ஒரு ரசிகர் குழு தன் படைப்புக்கு நான்காம் பாகம் என்றே பெயர் வைத்துவிட்டது.

இந்த இடத்தில் இன்னொரு புண்ணையும் தொட்டாக வேண்டும். இந்தக் கேம்களில் பெரும்பாலானவை சொல்வது ஒரே கதையை. கோகுவின் அண்ணன் ராடிட்ஸ் விண்கலத்தில் வந்து இறங்குவான், பிக்கோலோவும் கோகுவும் கூட்டுச் சேர்வார்கள், கோகு சாவான். இருபது ஆண்டுகளாக இந்தத் தொடரின் கேம்களை வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் ராடிட்ஸை எத்தனை முறை கொன்றிருப்பார் என்று கணக்குப் போட்டால் அவன்மேல் இரக்கமே வந்துவிடும். முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதையில், ஆடுகிறவர் கையில் உண்மையில் என்ன இருக்கிறது? 'ஒருவேளை இப்படி நடந்திருந்தால்' என்ற கிளைக் கதைகள் இந்தச் சலிப்பிலிருந்து முளைத்தவை. முதல் புதோகாயிலேயே ஓர் அருமையான கிறுக்குத்தனம் உண்டு. செயற்கைப் பெண்ணை விழுங்கிப் பூரண வடிவம் எடுக்க வேண்டிய வில்லன் செல், கைதவறிக் குட்டையன் கிரில்லினை விழுங்கிவிடுவான். பலமெல்லாம் போய்ப் பரிதாபமாக நிற்பான். கடைசியில் அது அவன் கண்ட கெட்ட கனவு.

இந்தக் கிறுக்குத்தனத்தையே அடித்தளமாக்கி ஒரு மாளிகை கட்டியது 2015-இல் வந்த 'ஜீனோவெர்ஸ்'. வில்லன்கள் காலத்தில் பின்னோக்கிப் போய் வரலாற்றைத் திரிக்கிறார்கள்; ஆடுகிறவர் தானே உருவாக்கிய ஒரு பாத்திரமாக, காலக் காவலராக, அந்தந்தச் சண்டைக்குள் குதித்துக் கதையைப் பழைய தடத்துக்குத் திருப்ப வேண்டும். இந்தக் காலக் காவலர் எண்ணத்தின் விதை, கொரியாவில் 2010-இல் தொடங்கி 2013-இல் மூடப்பட்ட 'டிராகன் பால் ஆன்லைன்' என்ற கேமில் இருந்தது. அந்தத் தோல்வியிலிருந்து எடுத்து நட்டது நன்றாகவே தழைத்தது. தெரிந்த கதையை மறுபடி ஆடுவதற்கே ஒரு காரணத்தைக் கதைக்குள் கண்டுபிடித்தார்கள் பாருங்கள், அது தனிக் கெட்டிக்காரத்தனம். பலக் கணக்கும் இதில் கரைந்துபோகிறது. நேற்றுப் படைத்த உங்கள் பாத்திரம் நாளை ஃப்ரீசாவை அடித்தால் கேள்வி கேட்க மங்காவில் அவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2016-இல் வந்த இரண்டாம் பாகம் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. வெளியாகிப் பல ஆண்டுகள் கடந்த பிறகும் அதற்குப் புதுப் பாத்திரங்கள் வந்துகொண்டிருந்தன.

இனி, தொடக்கத்தில் சொன்ன ஃபைட்டர்ஸுக்கு வருவோம். இதை 2018 ஜனவரியில் கொண்டுவந்த ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ், 'கில்டி கியர்' என்ற சண்டை விளையாட்டுக்குப் பேர்போன நிறுவனம். மூவருக்கு மூவர் அணி. பார்வைக்குக் கையால் வரைந்த அனிமே. உள்ளே எல்லாம் முப்பரிமாண உருவங்கள். வழக்கமாகக் கணினி, ஓர் அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் இடையிலுள்ள நிலைகளைத் தானே நிரப்பி வழுவழுவென்று ஓடவைக்கும். இவர்கள் அந்த நிரப்பலை வெட்டியெறிந்து, அனிமேக்காரர்கள் படம் வரைவதுபோல ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாக நிறுத்தினார்கள். நிழல் எங்கே விழ வேண்டும் என்பதையும் ஒளியின் விதிக்கு விடாமல் தாங்களே முடிவுசெய்தார்கள். எங்கே நிறுத்திப் பார்த்தாலும் மங்காவின் ஒரு கட்டம்போல இருக்கும். பல இடங்களில் அது உண்மையிலேயே மங்காவின் கட்டம்தான்.

சமநிலை விஷயத்தில் ஃபைட்டர்ஸ் ஒளிவுமறைவில்லாமல் விளையாட்டின் பக்கம் நின்றது. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு உயிர். எல்லோராலும் எதிரியை நோக்கி வானத்தைக் கிழித்துக்கொண்டு பாய முடியும். கட்டளைகளும் எளிமையானவை, பழைய சண்டை விளையாட்டுகளைப் போல விரல்கள் முறுக்கிக்கொள்ளத் தேவையில்லை. தொடர் அடிகள் கொடுக்கக் கொடுக்க ஏழு பந்துகள் ஒவ்வொன்றாகச் சேரும். ஏழும் சேர்ந்தபின் டிராகன் வந்து, செத்த கூட்டாளியை எழுப்பவா, உயிரை நிரப்பவா என்று கேட்கும்.

ஆனால் என்னைக் கவர்ந்தது, இந்தச் சமத்துவத்துக்குக் கதையிலும் ஒரு காரணம் சொல்லியிருப்பதுதான். உலகம் முழுவதும் ஏதோ அலைகள் பரவிப் பலசாலிகளின் ஆற்றலை அமுக்கிவிடுகின்றன. வீரர்கள் மயங்கி விழுகிறார்கள். சாதாரண மனித ஆன்மா ஒன்று, அதாவது நீங்கள், அவர்கள் உடலுக்குள் புகுந்தால்தான் அவர்களால் சண்டையிட முடியும். கிரில்லினும் கோகுவும் ஒரே தட்டில் நிற்பது அந்த அலைகளால். இந்தக் கதையின் வில்லியாக வரும் 'ஆண்ட்ராய்டு 21'-இன் தோற்றம் தொரியாமா அமைத்துக்கொடுத்தது. சாக்குப்போக்குத்தான், ஆனால் மற்ற கேம்கள் அந்தச் சாக்கைச் சொல்லும் மரியாதையைக்கூட வாசகனுக்குக் கொடுத்ததில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோ சண்டை விளையாட்டுப் போட்டியில் ஃபைட்டர்ஸ் ஆட 2,500-க்கு மேற்பட்டவர்கள் பதிவு செய்தார்கள். அவ்வாண்டு மற்ற எந்த விளையாட்டுக்கும் அத்தனை பேர் வரவில்லை. இறுதியில் அமெரிக்காவின் சோனிக்ஃபாக்ஸ் ஜப்பானின் கோ-இச்சியை வென்றார். மறு ஆண்டு கோ-இச்சி அந்தக் கடனைத் தீர்த்துக்கொண்டார். குழந்தைகள் தொடரை வைத்துச் செய்த உரிமப் பொம்மை என்று சண்டை விளையாட்டு வல்லுநர்கள் காலங்காலமாக ஒதுக்கிவைத்த பெயர் அது. அன்று மேடையின் நடுவில் இருந்தது.

அத்தனை சமத்துவத்துக்கு நடுவிலும் அதை உருவாக்கியவர்கள் ஒரு குறும்பைப் புதைத்து வைத்திருந்தார்கள். குறிப்பிட்ட களத்தில், குறிப்பிட்ட விதத்தில், மங்காவில் சாய்பாமேன்களை முளைக்கவைத்த நாப்பா கடைசி அடியில் யம்ச்சாவை வீழ்த்தினால் ஒரு சிறு காட்சி ஓடும். சாய்பாமேன் வரும். குழி வரும். அந்தக் கோலம் வரும்.

2020-இல் சைபர்கனெக்ட்2 செய்த 'ககரோட்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சண்டையை விட்டு விலகிக் கோகுவின் உலகத்தில் உலாவலாம், போலி வாலைத் தொங்கவிட்டு மீன் பிடிக்கலாம், மனைவி சீச்சீ சமைத்துப் போட்டால் பலம் கூடும். அந்தச் சாவகாசம் எனக்குப் பிடித்திருந்தது. மறுபடி ராடிட்ஸிலிருந்தே தொடங்கியது பிடிக்கவில்லை.

பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், இதுவரை சொன்ன எதிலும் அதன் பெரும்பங்கு இல்லை என்பதே என் கணிப்பு. 2015 ஜனவரியில் கைப்பேசிக்கு வந்த 'டொக்கான் பேட்டில்', 2018-இல் வந்த 'லெஜெண்ட்ஸ்' ஆகியவை தரவிறக்க இலவசம். உள்ளே கச்சா இருக்கிறது. நம் கச்சா எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பொம்மை எந்திரத்தின் பிடியைத் திருகும்போது எழும் ஓசையிலிருந்து பிறந்த ஜப்பானியச் சொல். மாயக் கற்களைக் காசு கொடுத்து வாங்கி, அவற்றைச் செலவிட்டு, எந்தப் பாத்திரம் விழும் என்று தெரியாமல் இழுக்க வேண்டும். 1988-இல் இருபது யென் போட்டு அட்டை எடுத்த சிறுவனுக்கு இன்று ஐம்பது வயதை நெருங்குகிறது. அதே எந்திரம் இப்போது அவன் சட்டைப்பையில் இருக்கிறது. இருபது யென்னோடு நிற்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பண்டாய் நாம்கோ தன் ஆண்டறிக்கைகளில் எந்தத் தொடர் எவ்வளவு ஈட்டியது என்று தனித்தனியே வெளியிடுகிறது. அதில் டிராகன் பாலுக்கு எதிரே அண்மை ஆண்டுகளில் நிற்கும் தொகை, பொம்மை, அட்டை, கேம் எல்லாம் சேர்த்து, பத்தாயிரம் கோடி யென்னைத் தாண்டுகிறது.

பலக் கணக்குக்குக் கச்சா சொல்லும் விடை குரூரமானது: ஏற்றத்தாழ்வுதான் சரக்கு. இந்த மாதம் வந்த கோகு போன வருடத்துக் கோகுவைவிடப் பலசாலியாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் யார் இழுப்பார்கள்? தொடக்கத்தில் டொக்கானில் ஓர் அடியின் எண் இன்றைக்கு ஒப்பிட்டால் சிறியது. இன்று பல லட்சம், கோடி என்று போகிறது. தொரியாமா சலித்துப்போய் வீசிய ஸ்கவுட்டரை இதைவிட விசுவாசமாக யாரும் காதில் மாட்டிக்கொள்ளவில்லை.

தொரியாமா 2024 மார்ச் 1 அன்று, 68 வயதில் காலமானார். அந்த ஆண்டு அக்டோபரில், பதினேழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, ஸ்பார்க்கிங் வரிசையின் அடுத்த பாகம் 'ஸ்பார்க்கிங்! சீரோ' என்ற பெயரில் வந்தது. செய்தது அதே ஸ்பைக். இடையில் சுன்சாஃப்டோடு இணைந்திருந்தது. தொடக்கத்திலேயே 182 பாத்திரங்கள். முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில் முப்பது லட்சம் பிரதிகள். கதைப் பகுதியில் கிளைகள் ஏராளம். ஆடுகிறவர்கள் தாங்களே சண்டைக் காட்சிகளை அமைத்து மற்றவர்களுக்குக் கொடுக்கவும் வழியுண்டு. ராட்சதக் குரங்கு வெஜிட்டா பழையபடி மலைபோல வந்து நின்றான். கதையைச் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வாங்கியவர்கள் அவனைத் தாண்ட முடியாமல் உலகம் முழுவதும் புலம்பியது அந்த வாரத்துச் செய்தியாகவே ஆகிவிட்டது. எனக்கோ, நீண்ட நாளைக்குப் பிறகு ஒரு டிராகன் பால் கேமில் எதிரியைக் கண்டு பயந்ததில் ஒரு திருப்தி.

பழைய விலைச்சீட்டு முறையும் திரும்பியது. இணையவழித் தரவரிசைப் போட்டிகள் திறந்தபோது, எல்லோரும் வானளாவிய கடவுளர் வடிவங்களையே எடுப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். வந்து நின்றவன் யஜிரோபே. தொந்தியும் வாளுமாக, மங்காவில் சண்டை என்றாலே பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் சோம்பேறி. விலை மலிவு; அதோடு, தின்றால் உயிர் நிரம்பும் சென்சு விதை அவன் மடியில் இருக்கிறது. ஓடு, ஒளி, விதையைத் தின், மறுபடி ஓடு. அண்டங்களை அழிக்கும் வீரர்களை எடுத்துவந்தவர்கள் அவனைத் துரத்தித் துரத்தி நேரம் முடிந்து தோற்றார்கள். புகார்கள் குவிந்தன. கடைசியில் நிறுவனம் ஒரு திருத்தம் வெளியிட்டு யஜிரோபேயின் பலத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று.